யார் முகம் புனிதம்?

சாமிப்படம் வரைகிறவனுக்குத் தலித் விடுதலை பேசுகிற பத்திரிகையில் என்ன இடம்?

கலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வாசகர் வட்டங்களிலும் மாணவர் விடுதிகளிலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. ஒரு பக்கம், 'மதமே ஒரு போதை, அதுக்குப் படம் போடுறவன் போதைக்கு ஊறுகாய் எடுத்து வைக்கிறவன்' என்று சொல்கிறவர்கள். இன்னொரு பக்கம், 'ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குமுறையைத்தான் வரையணும். கிழிஞ்ச கூரை, சாக்கடை, செத்த மாடு, பறை. இதத் தாண்டிப் போனா அவன் நம்மாளு இல்ல' என்று சொல்கிறவர்கள். இரண்டு பேரும் நம்முடைய தோழர்கள்தான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரு மனிதனின் வாழ்க்கையில் வைத்து உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

அந்த மனிதன் பெயர் ஹென்றி ஒசாவா டேனர். அமெரிக்கக் கறுப்பர். முகங்களை வரையக் கற்றுக்கொண்டு, பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை பைபிள் காட்சிகளை வரைவதற்கே கொடுத்தவர்.

'அமெரிக்கக் கறுப்பன் கதை நமக்கு எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோதிராவ் புலே 1873-இல் 'குலாம்கிரி' எழுதியபோது, அதை அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த ஆண்டு டேனருக்கு வயது 14. அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பர் தலைவர் டு போய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் அமைப்பு, கருஞ்சிறுத்தைகளின் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. இது பழைய உறவு. நாம் புதுசாக ஒட்டவைக்கவில்லை.

டேனர் 1859-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தாய் சாரா வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர்; சிறு வயதிலேயே வடக்கே தப்பி வந்தவர். தந்தை பெஞ்சமின் டேனர், ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் போதகர். 1888-இல் பிஷப் ஆனார். இந்தச் சபை எப்படி உருவானது என்பதை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் கோயிலில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, 'இது உங்க எடமில்ல, எந்திரிங்க' என்று இழுத்தார்கள். அவர்கள் எழுந்தார்கள், மொத்தமாக வெளியே நடந்தார்கள். அப்படி வெளியேறியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் 1794-இல் தனிக்கோயில் கண்டார். 1816-இல் அது தனிச்சபையானது. சாமி கும்பிடுகிற இடத்தில் நடந்த வெளிநடப்பு அது. மதத்துக்குள் விடுதலையே கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

மகனுக்கு 'ஒசாவா' என்று பெயர் வைத்ததிலும் அரசியல் இருக்கிறது. அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் 1856-இல் போரிட்ட ஒசாவாடமி என்ற ஊரின் பெயரைச் சுருக்கி வைத்தார்கள். டேனர் பிறந்த அதே 1859-இன் டிசம்பரில் ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்டார். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு போராட்டத்தைக் கூப்பிட்ட வீடு அது.

பிலடெல்பியாவில் வளர்ந்த டேனர், அங்கிருந்த பென்சில்வேனியா நுண்கலைக் கல்லூரியில் 1880 வாக்கில் மாணவரானார். ஆசிரியர் தாமஸ் ஈக்கின்ஸ். உடம்பை, முகத்தை, உள்ளது உள்ளபடி பார்த்து வரையச் சொல்லிக்கொடுத்தவர். படிப்பு நல்ல படிப்பு. கூடப் படித்தவர்கள்? ஒரு நாள் இரவு, படச்சட்டம் வைக்கும் மரத்தாங்கியை நடுச்சாலைக்குத் தூக்கிக்கொண்டுபோய், அவரை அதில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். இதை எழுதி வைத்தவர் அந்தக் கூட்டத்திலிருந்த ஜோசப் பென்னல். 1925-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் இதை அவர் ஒரு வேடிக்கையாகவே எழுதுகிறார். சிலுவையில் அறைதல் என்கிற சொல்லையே கேலியாகப் போடுகிறார். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அது டேனர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

செய்தவன் நாற்பது வருசம் கழித்தும் சிரித்துக்கொண்டு எழுதுகிறான். நம் மாணவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கலைக்கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கழகத்திலும் 'ராகிங்தானே, வெளையாட்டுத்தானே' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எந்தத் தாங்கியில் படம் வரைய வேண்டுமோ அந்தத் தாங்கியிலேயே ஒருவனைக் கட்டிப்போட்டார்கள் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்து அட்லாண்டாவுக்குப் போய்ப் புகைப்பட நிலையம் வைத்தார். ஓடவில்லை. அங்கேயே கறுப்பர் கல்லூரியான கிளார்க்கில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். ஹார்ட்செல் என்ற வெள்ளைப் பாதிரியாரும் அவர் மனைவியும் 1890-இல் சின்சினாட்டியில் ஒரு கண்காட்சி வைக்க உதவினார்கள். ஒரு படம்கூட விற்கவில்லை. அவர்களே மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காசில்தான் 1891-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ரோமுக்குப் போகக் கிளம்பியவர் பாரிசில் இறங்கினார், அங்கேயே தங்கிவிட்டார்.

1893-இல் உடல்நலம் கெட்டு அமெரிக்கா வந்த சமயத்தில் வரைந்ததுதான் 'பாஞ்சோ பாடம்'. ஒரு கிழவர் மடியில் பேரப்பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு பாஞ்சோ வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவ்வளவுதான் படம். ஆனால் அந்தக் காலத்தில் பாஞ்சோ வைத்திருக்கும் கறுப்பன் என்றால் பல்லைக் காட்டி ஆடுகிற கோமாளி என்றே அர்த்தம். வெள்ளைக்காரன் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் அப்படித்தான் ஆடினான். அச்சுப் படங்களிலும் அப்படித்தான் போட்டான். டேனர் படத்திலோ ஒருத்தன்கூடப் பார்ப்பவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கிழவரும் பிள்ளையும் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். தன் மக்களை வரைந்தவர்கள் அவர்களிடம் வேடிக்கையை மட்டுமே கண்டார்கள், உள்ளேயிருக்கும் பெரிய மனசைக் காணவில்லை என்பது டேனருடைய குறை. அடுத்த ஆண்டு 'நன்றியுள்ள ஏழைகள்' வரைந்தார். கொஞ்சமே சாப்பாடு இருக்கும் மேசையின் முன்னால் தலைகுனிந்து ஜெபிக்கும் கிழவரும் சிறுவனும்.

இந்த இடத்தில்தான் நம் இரண்டாவது வகைத் தோழர்கள் கேட்பார்கள்: 'இப்படியே வரைஞ்சிருக்கலாமே, ஏன் பைபிள் பக்கம் போனாரு?'

போனார். 1896-இல் 'சிங்கக் குகையில் தானியேல்' பாரிஸ் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது. அடுத்து 'லாசருவின் உயிர்த்தெழுதல்' 1897-இல் பதக்கம் பெற்றது. பிரெஞ்சு அரசாங்கமே அதை விலைக்கு வாங்கியது. பிலடெல்பியாவின் பெருவணிகர் ராட்மன் வானமேக்கர் செலவில் அந்த ஆண்டே பாலஸ்தீனத்துக்கும் எகிப்துக்கும் போனார். 1898-இல் 'மங்கள வார்த்தை'. 1899-இல் 'இயேசுவைச் சந்திக்கும் நிக்கொதேமு'. பிறகு 'எகிப்துக்குத் தப்பியோடுதல்' என்ற ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

பைபிளில் ஆயிரம் காட்சி இருக்கிறது. இவர் எதை எடுத்தார் என்று பாருங்கள். ராஜா கட்டளையால் சிங்கத்தின் முன் தள்ளப்பட்டும் சாகாதவன். செத்துப் புதைத்தபின் எழுந்து வருகிறவன். ராஜா கொல்ல வருகிறான் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிற குடும்பம். இருட்டில், மொட்டைமாடியில், யாருக்கும் தெரியாமல் பாடம் கேட்க வருகிற ஆள். தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் பாடிய பாட்டுகளில் தானியேல் உண்டு. வெள்ளை எஜமானுக்குத் தெரியாமல் இரவில் காட்டுக்குள் கூடித்தான் அவர்கள் ஜெபித்தார்கள். டேனரின் தாயே வடக்கே தப்பி வந்த பிள்ளைதான். 'சொந்த மக்களை விட்டுட்டுச் சாமிப்படத்துக்குப் போயிட்டாரு' என்று சொல்வது எவ்வளவு அவசரமான தீர்ப்பு! சொந்த மக்கள் தங்கள் கதையை எந்தக் கதைக்குள் ஒளித்து வைத்திருந்தார்களோ அந்தக் கதைக்குள்தான் அவர் போயிருக்கிறார் என்றே நாம் வாசிக்கிறோம்.

தானியேல் படம் பாராட்டுப் பெற்ற அதே 1896-இல்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில், 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தீர்ப்பு எழுதிப் பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது. ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து, 1954-இல்தான் பள்ளிக்கூடப் பிரிவினையாவது சட்டவிரோதமானது.

'மங்கள வார்த்தை' படத்தைக் கொஞ்சம் பார்ப்போம். தேவதூதன் காபிரியேல் மரியாளிடம் வருகிற காட்சி. ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றுக்கணக்கில் வரைந்தது. தங்க ஒளிவட்டம், நீலப் பட்டு, பளிங்குத் தூண், கையில் லீலிப் பூ, இறக்கை வைத்த தூதன். டேனர் எல்லாவற்றையும் தூக்கி வெளியே போட்டார். ஒரு ஏழை வீட்டு அறை. மடித்து வைக்காத படுக்கை. சுருக்கம் விழுந்த கோடு போட்ட துணி போர்த்திய ஒரு கிராமத்துப் பொண்ணு, படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாதி தூக்கம், பாதி பயம். தூதனுக்கு இறக்கை இல்லை, முகமும் இல்லை. நிமிர்ந்து நிற்கிற ஒரு வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதெல்லாம் அந்தப் பொண்ணு முகம்தான். 1899-இல் பிலடெல்பியா அருங்காட்சியகம் இதை வாங்கியது. அவரைக் கட்டிப்போட்ட அதே ஊர்.

முகம் வரையும் கலைஞன் என்பதால்தான் இது முடிந்தது. 1897-இல் தன் தாயை வரைந்திருக்கிறார்: நாற்காலியில் சாய்ந்து, யோசனையில் ஆழ்ந்திருக்கும் கறுப்புத் தாய். அடிமையாகப் பிறந்தவளை அரசிகளுக்குக் கொடுக்கும் மரியாதையோடு உட்கார வைத்திருக்கிறார். 1917-இல் புக்கர் டி. வாஷிங்டனை வரைந்தார். ஒரு மனுசன் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்கத் தெரிந்தவன் சாமி முகத்தை வரையும்போது, அங்கேயும் ஒரு மனுசனைத்தான் தேடுவான்.

1908 வாக்கில் வரைந்த இன்னொரு படம்: 'இயேசுவும் தாயும் வேதம் படித்தல்'. சுருளை விரித்து வைத்துக்கொண்டு தாய் பிள்ளைக்குப் படிக்கக் காட்டுகிறாள். மாதிரியாக இருந்தது அவர் மனைவி ஜெஸ்ஸியும் மகன் ஜெஸ்ஸியும். மனைவி வெள்ளைப் பெண். 1899-இல் லண்டனில் திருமணம். அன்றைக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் கலியாணமே குற்றம். அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளையை இயேசுவாக உட்கார வைத்தார். அதுவும் படிக்கிற இயேசுவாக. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது தெற்கு மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றமாக இருந்தது. நம் நாட்டிலோ வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கே காதில் உருக்கி ஊற்றச் சொன்னது கவுதம தர்மசூத்திரம். நாம் அதற்கும் கீழே, வெளியே. புத்தகத்தோடு இருக்கும் தாயும் பிள்ளையும் என்ற படம் ஆதிக்கச் சாதி வீட்டில் அழகான படம். நம் வீட்டில் அது கலகம்.

டேனரைத் தூக்கிக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அவர் வரைந்த இயேசு கறுப்பர் இல்லை. பாலஸ்தீனத்தில் தான் பார்த்த யூதர்களின் சாயலில்தான் வரைந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை பிரான்சில் கழித்தார். 'நீக்ரோ ஓவியர்' என்று அழைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. 1920-களில் ஹார்லெம் மறுமலர்ச்சி எழுந்தபோது அறிஞர் அலன் லாக், கறுப்பு ஓவியர்கள் ஆப்பிரிக்க மரபை நோக்கித் திரும்ப வேண்டும் என்று 1925-இல் எழுதினார். டேனர் தலைமுறையின் ஐரோப்பியப் பாணி போதாது என்பது அவர் விமர்சனம். அதில் நியாயம் உண்டு. பாரிசுக்குக் கப்பலேற முடிந்தவன் ஒருவன். சாட்டைக்கும் தூக்குக்கயிற்றுக்கும் கீழே அங்கேயே கிடந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஒருத்தன் தப்பித்ததை எல்லாரும் விடுதலையானதாகக் காட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். 1996-இல் வெள்ளை மாளிகை தன் நிரந்தரச் சேகரிப்புக்கு முதன்முதலாக ஒரு கறுப்பர் ஓவியத்தை வாங்கியது. அது டேனருடையது. எந்தப் படம்? தானியேலா, லாசருவா? கடற்கரை மணல்மேடு.

ஆனால் நாடு கடந்து போனதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன், விரட்டியவனை ஏற்ற வேண்டும். படம் வரையும் நேரத்தில் தன் நிறத்தை நினைக்காமல் இருக்கும் உரிமை வெள்ளை ஓவியனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. டேனர் அதற்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. பாரிசுக்கு வந்த ஹேல் உட்ரப் போன்ற இளம் கறுப்பு ஓவியர்கள் அவரைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 1923-இல் பிரான்சின் உயரிய விருது பெற்று, 1937-இல் பாரிசிலேயே இறந்தார்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

1894-இல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கினார். கோயிலுக்குள் விடப்படாதவன் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்தது. ஆனால் எந்த முகத்தோடு? செக்கச் சிவந்த மேல்சாதி முகத்தோடு. கிறித்தவத்தில் நடந்ததும் அதுதான். சிகாகோ விளம்பர ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் வரைந்த வெள்ளை முக இயேசு கோடிக்கணக்கில் அச்சாகி உலகமெல்லாம் போனது. அதன் சாயலில் வந்த படங்கள்தான் நம் சேரியின் ஓட்டு வீடுகளிலும் தொங்கின. வெள்ளை முகம் வேண்டாம் என்று கிளம்பிய 'இந்தியமயமாக்கல்' என்ன செய்தது? காவி கட்டி, தாமரைமேல் சம்மணமிட்ட யோகி இயேசுவைக் கொடுத்தது. வெள்ளைக்காரனை இறக்கிவிட்டுப் பார்ப்பனனை ஏற்றினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியல் என்று பேசத் தொடங்கியபோது அடித்ததும் இந்த இடத்தில்தான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் நம்ம பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் இதற்காகத்தான்.

முகத்தோடு நிற்கவில்லை, சுவரும் எழுப்பினார்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்தே கோயில் கட்டினார்கள். நடுச்சுவரை இடிக்க 1910 வரை ஆனது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். 2008-இல் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். அரசு தன் பங்குக்கு 1950 குடியரசுத் தலைவர் ஆணையில் ஒரு சுவர் எழுப்பியது: இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பவுத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்குத் திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் திறக்கச் சொன்னது. 2022-இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

அதனால் முதல்வகைத் தோழர்களுக்கு நாம் சொல்வது: பாட்டி வீட்டுச் சாமிப்படத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் அவள் பண்ணையாரிடம் சொல்ல முடியாததைச் சொன்னாள். மதத்தை விமர்சிப்போம், கடுமையாகவே விமர்சிப்போம். ஆனால் 1956-இல் அண்ணலே ஒரு மதத்தைத் தேடித் தேர்ந்துதான் தன் மக்களோடு நடந்தார் என்பதை மறக்க வேண்டாம். இரண்டாம் வகைத் தோழர்களுக்கு: கலைஞனுக்கு எல்லை போடாதீர்கள். கூரையும் சாக்கடையும்தான் உனக்கு, வெளிச்சமும் தேவதூதனும் அடுத்தவனுக்கு என்று சொன்னால், அதுவும் ஒரு ஊர், சேரிப் பிரிவினைதான்.

ஒரு வேலையும் சொல்கிறோம். நம் சேரிகளில் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் இருந்தார்கள், சில இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். நுழைவாயில் சுவரில் அம்பேத்கரை வரைந்ததும், கெபியில் மாதாவுக்கு வண்ணம் தீட்டியதும், திருவிழாத் திரைச்சீலையில் பாடுபட்ட சுரூபத்தை எழுதியதும் பல ஊர்களில் ஒரே கைதான். எந்தக் கலைக்கல்லூரியிலும் அவர்கள் பெயர் இல்லை. பிளெக்ஸ் பேனர் வந்து அவர்கள் பிழைப்பையும் அடித்துவிட்டது. மாணவத் தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். என்ன வரைந்தார்கள், எவ்வளவு கூலி, யார் முகத்தைப் பார்த்து மாதா முகத்தை எழுதினார்கள் என்று கேளுங்கள். பெயரை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாருங்கள். படத்தைப் பிடித்து வாருங்கள். அடுத்த திருவிழாவுக்குச் சுவரை வெள்ளையடிப்பதற்கு முன்னால் போங்கள்.